மறுகரையின் சிவப்பு மலர்

சேலத்து வாசகி ஒருவர் அனுப்பிய புகைப்படத்தைச் சென்ற இதழில் வெளியிட்டு, அதிலுள்ள மலரின் பெயரை இந்த இதழில் கூறுவதாக எழுதியிருந்தோம். ஜப்பானில் சைத்தாமா மாநிலத்தில் வசிக்கும் மகளோடு சில வாரங்கள் தங்கியிருந்தபோது, செப்டம்பர் இறுதியில் ஒரு வயல் வரப்பில் அவர் எடுத்த படம் அது. வந்த கடிதங்கள் பலவும் அந்த ஒரே மலரைப் பற்றியவையாக இருந்ததால், இப்பகுதி முழுவதையும் இம்முறை அதற்கே கொடுத்துவிட்டோம்.

கேள்வி: இலை ஒன்றுகூட இல்லாமல், வெறும் தண்டின் நுனியில் இரத்தச் சிவப்பாக மலர்ந்திருந்தது. முந்தின வாரம் அந்த வரப்பில் புல்லைத் தவிர எதுவும் இல்லை என்று என் மகள் உறுதியாகச் சொல்கிறாள். இதழ்கள் பின்னோக்கிச் சுருண்டிருப்பதைப் பார்த்து நம் செங்காந்தளோ என்று நினைத்தேன். ஆனால் கொடியைக் காணோம். இது என்ன மலர்?
– வாசகி, சேலம்

பதில்: ஜப்பானியர் இதை ஹிகன்பானா என்று அழைக்கின்றனர். தாவரவியலில் இதன் பெயர் லைகோரிஸ் ரேடியேட்டா. சிவப்புச் சிலந்தி லில்லி என்று விதைக்கடைப் பட்டியல்களில் காணப்படுவதும் இதுவே. பெயரில் லில்லி இருந்தாலும் இது உண்மையான லில்லிக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. நம் அடுக்களை வெங்காயத்தையும் பூண்டையும் இன்றைய வகைப்பாட்டில் உள்ளடக்கிய அமரில்லிடேசி குடும்பத்தைச் சேர்ந்தது. மண்ணுக்குள் இருப்பது வெங்காயம் போலவே அடுக்கடுக்கான செதில்களைக் கொண்ட குமிழம். சீனர்கள் இதற்குக் 'கல் பூண்டு' என்று பொருள்படும் பெயரை வைத்திருப்பது அந்தக் குமிழத்தைப் பார்த்துத்தான்.

தங்கள் மகள் சொல்வது முற்றிலும் சரி. கோடை முழுவதும் இச்செடி மண்ணுக்கு மேல் எந்த அடையாளமும் காட்டாமல் உறங்குகிறது. உச்ச வெப்பம் தணிந்தவுடன் முழங்கால் உயரப் பூத்தண்டு ஒன்று மண்ணைத் துளைத்துக்கொண்டு சில நாட்களுக்குள் எழுந்து, நுனியில் நான்கு முதல் ஏழு மலர்களை வட்டமாக விரிக்கிறது. ஒவ்வொரு மலருக்கும் ஓரம் நெளிந்த ஆறு குறுகிய இதழ்கள். அவற்றைத் தாண்டி வெகுதூரம் வெளியே நீண்டு வளைந்து நிற்கும் மகரந்தத்தாள்கள். சிலந்தி என்ற பெயர் அந்தத் தாள்களால் வந்தது.

செங்காந்தள் என்று தாங்கள் ஐயுற்றதில் வியப்பில்லை. நெளிந்து பின்னோக்கி வளையும் ஆறு இதழ்கள் இரண்டுக்கும் பொது. ஆனால் காந்தள் இலைநுனியைப் பற்றுக்கம்பியாகச் சுருட்டி ஏறுகின்ற கொடி. அதன் பூ பச்சையாய்த் தொடங்கி, மஞ்சளாகி, பின்னரே சிவக்கிறது. ஒரே பூவில் அடி மஞ்சளும் நுனி சிவப்புமாக நாம் காண்பது அதனால்தான். ஹிகன்பானாவில் மஞ்சளுக்கே இடமில்லை, மொட்டிலிருந்தே சிவப்பு. நிலத்தடியிலும் வேறுபாடு உண்டு: காந்தளுக்கு இருப்பது கலப்பை போல வளைந்த கிழங்கு, கலப்பைக் கிழங்கு என்றே அதற்கு ஒரு பெயர் வழங்குகிறது.

கேள்வி: படத்தைப் பார்த்தவுடன் எங்கள் வீட்டு முற்றத்தில் ஆண்டுதோறும் மே மாதம் பூக்கும் பந்துப் பூ என்றே சொன்னேன். என் கணவரோ தொட்டியில் வளர்க்கும் அமரில்லிஸ் என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: இருவருமே தவறு, ஆனால் இருவரும் ஒரே குடும்பத்துக்குள்தான் தேடியிருக்கிறீர்கள். முற்றத்தில் கோடைமழைக்குப் பின் நூற்றுக்கு மேற்பட்ட சிறு பூக்கள் சேர்ந்து பந்தாகத் திரளும் மே மலர், ஸ்கடாக்ஸஸ் மல்டிபுளோரஸ் என்னும் ஆப்பிரிக்கச் செடி. தொட்டியில் எக்காளம் போன்ற பெரிய பூக்களுடன் வருவது தென்னமெரிக்காவைச் சேர்ந்த ஹிப்பியாஸ்ட்ரம். அமரில்லிஸ் என்பது அதற்குக் கடைகளில் வழங்கும் பெயர். அதன் பூத்தண்டை வெட்டிப் பார்த்தால் உள்ளே குழல் போல் வெற்றிடமாக இருக்கும், ஹிகன்பானாவின் தண்டோ உட்புறம் நிறைந்தது.

ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மே மலர் முன்பு ஹேமாந்தஸ் என்ற பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தது. கிரேக்கத்தில் அதற்குக் குருதிப்பூ என்று பொருள். குறுந்தொகையின் முதற்பாடல் முருகனின் குன்றத்துக் காந்தளைக் 'குருதிப் பூ' என்றே சொல்கிறது. காலத்தாலும் இடத்தாலும் தொலைவான இரு தரப்பினர், வெவ்வேறு இரு மலர்களைப் பார்த்து ஒரே சொல்லுக்கு வந்து சேர்ந்திருக்கின்றனர்.

கேள்வி: அழகான மலரைச் சாவோடு தொடர்புபடுத்தி ஜப்பானியர் அஞ்சுவதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா? காரணம் என்ன?
– வாசகர், சிதம்பரம்

பதில்: உண்மைதான். செத்தவர் பூ, பேய்ப் பூ, நரகப் பூ என்றெல்லாம் வட்டாரப் பெயர்கள் இதற்கு உண்டு. சேலத்து வாசகியின் கடிதத்திலும், இடமின்மையால் சென்ற இதழில் நாம் விட்டுவிட்ட ஒரு செய்தி இருந்தது: அவர் ஒரு பூவைப் பறிக்கக் குனிந்தபோது பக்கத்து வீட்டு மூதாட்டி ஓடிவந்து, "வீட்டுக்குள் கொண்டு போனால் வீடு தீப்பிடிக்கும் அம்மா" என்று தடுத்தாராம். ஜப்பானியக் கிராமங்களில் குழந்தைகளுக்குச் சொல்லப்படும் பழைய எச்சரிக்கை இது.

அச்சத்தின் காரணத்தைத் தேடுவோர் பெரும்பாலும் அந்த நிறத்திலேயே நின்றுவிடுகின்றனர். எமக்கு அது போதிய விடையாகத் தோன்றவில்லை. நாட்காட்டியையும், மலர் நிற்கும் இடத்தையும் பார்த்தால் செய்தி தெளிவாகிறது.

முதலில் நாட்காட்டி. ஹிகன் என்ற சொல்லுக்கு 'மறுகரை' என்று பொருள். பிறவியைக் கடலாகவும் விடுதலையை அதன் மறுகரையாகவும் காணும் பௌத்த உவமையிலிருந்து வந்தது. இரவும் பகலும் சமமாகும் நாளை நடுவில் வைத்து, முன்னும் பின்னும் மும்மூன்று நாட்களைச் சேர்த்த ஏழு நாட்கள் ஜப்பானில் ஹிகன் எனப்படுகின்றன. வசந்தத்தில் ஒரு முறை, இலையுதிர் பருவத்தில் ஒரு முறை. அந்நாளில் சூரியன் நேர் மேற்கில் மறைகிறது. அமிதாப புத்தரின் தூய நிலம் எனப்படும் பேரின்ப உலகம் மேற்கிலேயே இருப்பதாக நம்பிக்கை. ஆகவே குடும்பத்தினர் கல்லறைகளுக்குச் சென்று, கற்களைக் கழுவி, ஊதுவத்தி ஏற்றி, முன்னோரை நினைக்கின்றனர். நம் மகாளய பட்சமும் பெரும்பாலும் இதே பருவத்தை ஒட்டி வருவதால் இந்த மனநிலை நமக்குப் புரியாததன்று. செப்டம்பர் 22 அல்லது 23-ஆம் நாளைச் சுற்றி அமையும் இந்த வாரத்தில், ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழத் தவறாமல் இம்மலர் எழுந்து நிற்கிறது. இறந்தோரைக் காணச் செல்லும் வழியெல்லாம் ஒரே பூவைக் காணும் மக்கள், அதை இறந்தோரின் பூ என்று நினைப்பதற்கு வேறு தூண்டுதல் வேண்டியதில்லை.

அடுத்தது இடம். ஜப்பானில் வளரும் ஹிகன்பானா விதை தராது. சீனாவில் 22 குரோமோசோம்கள் கொண்ட, விதை தரும் இருமடியச் செடிகள் உண்டு. ஜப்பானுக்கு வந்து பரவியதோ 33 குரோமோசோம்கள் கொண்ட மும்மடியம். இனப்பெருக்கச் செல்கள் உருவாகும்போது மும்மூன்றாக நிற்கும் குரோமோசோம்களைச் சரிபாதியாகப் பிரிக்க இயலாததால் விதை பிடிப்பதில்லை. குமிழம் பக்கத்தில் குட்டி போட்டுத்தான் பெருக வேண்டும். குட்டியோ தாயை விட்டு ஒரு சாண்கூட நகராது. காற்றோ பறவையோ இதைச் சுமந்து செல்வதில்லை. இதன் பொருளைச் சற்று நிதானமாக எண்ணிப் பாருங்கள்: வெள்ளம் மண்ணோடு அரித்துக் கொண்டுபோய்ச் சேர்த்த சில கரைகளைத் தவிர, ஜப்பானில் இம்மலர் நிற்கும் இடமெல்லாம் யாரோ ஒருவர் கையால் நட்ட இடம். ஆழ்ந்த காட்டில் இதைக் காண்பது அரிது. வரப்பிலும், கோவில் வாசலிலும், பழைய இடுகாட்டிலுமே காண்கிறோம்.

அப்படி அங்கெல்லாம் நட்டவர்களின் நோக்கம் அழகன்று, நஞ்சு. குமிழத்தில் லைகோரின் என்ற நச்சு ஆல்கலாய்டு இருக்கிறது. தின்றால் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். நெல் வயலின் வரப்பை அகழெலி துளைத்தால் தேங்கிய நீர் வடிந்துவிடும். அந்த வளை வழியே எலியும் நுழையும். இவற்றைத் தடுக்கும் வேலியாகவே நச்சுக் குமிழங்களை வரப்பில் நட்டனர். அகழெலி மண்புழு தின்பது, வேரைத் தொடாது என்பதால் இந்த வேலி எந்த அளவுக்குப் பலித்தது என்ற கேள்வி எழலாம். ஆனால் உழவர்கள் நம்பி நட்டார்கள். உடலை எரிக்காமல் புதைத்து வந்த காலத்தில், விலங்குகள் புதைகுழியைத் தோண்டாதிருக்க இடுகாட்டிலும் இதையே நட்டார்கள். காவலுக்கு வைத்த பூ, காலம் செல்லச் செல்லத் தான் காத்த இடத்தின் பெயரையே சுமந்துகொண்டது. வீடு தீப்பிடிக்கும் என்ற எச்சரிக்கையும், நஞ்சுள்ள செடியைப் பிள்ளைகள் வாயில் வைத்துவிடாதிருக்கப் பெரியவர்கள் கட்டிய வேலியாகவே எமக்குப் படுகிறது. விளக்கம் சொன்னால் கேட்காத பிள்ளை பயமுறுத்தினால் கேட்கும் என்பது எல்லா ஊர்ப் பாட்டிகளும் அறிந்தது.

இதே நஞ்சுக்கு மறுபக்கமும் உண்டு. லைகோரினை நீரில் கரைத்து வெளியேற்ற முடியும். குமிழத்தில் மாவுப்பொருள் நிறைய இருக்கிறது. எனவே பஞ்ச காலங்களில் குமிழத்தைத் தோண்டி, துருவி, பலமுறை நீர் மாற்றி அலசி, அடியில் படிந்த மாவை மட்டும் எடுத்து உண்டிருக்கின்றனர். வேறு உணவு உள்ள நாளில் யாரும் தொடாத கிழங்கு என்பதால் வரப்பிலேயே பத்திரமாக இருந்தது. கொரியாவிலோ இம்மலர் பௌத்த மடாலயங்களைச் சுற்றி நிறைந்திருக்கிறது. குமிழத்தின் மாவைப் பசையாக்கிச் சமய ஓவியங்களிலும் ஏடுகளிலும் பயன்படுத்தினால் பூச்சி அரிக்காது என்பது அங்குள்ளோர் கூறும் காரணம்.

இன்றைய ஜப்பானில் அச்சம் பெரிதும் தணிந்துவிட்டது. சேலத்து வாசகியின் மகள் வசிக்கும் அதே சைத்தாமாவில், ஹிதாகா நகரத்தின் கின்ச்சாகுதா என்ற ஆற்று வளைவில் ஏறத்தாழ 50 லட்சம் மலர்கள் பூப்பதாகக் கணக்கிடுகின்றனர். அதைக் காண நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு கூட்டம் வருகிறது. ஆயினும் பழைய நிழல் முற்றும் நீங்கவில்லை. சிறுவர் கதையாசிரியர் நீமி நன்கிச்சி 1932-இல் வெளியிட்ட 'கோன் என்னும் நரி' கதையில், சாவு ஊர்வலம் வரும் இடுகாட்டில் இம்மலர்கள் பூத்துக் கிடக்கின்றன. அக்கதையை ஜப்பானியப் பிள்ளைகள் தொடக்கப் பள்ளியிலேயே பாடமாகப் படிக்கின்றனர்.

கேள்வி: இம்மலருக்கு வடமொழிப் பெயர் ஒன்றும் உண்டு என்று ஒரு நண்பர் சொல்கிறார். ஜப்பானியப் பூவுக்கு வடமொழிப் பெயர் எப்படி வந்தது?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: மன்ஜுஷாகே என்பது அந்தப் பெயர், 'மஞ்சூஷக' என்ற வடசொல்லைச் சீன எழுத்தில் ஒலிபெயர்த்து, அதை ஜப்பானியர் தம் நாவுக்கேற்ப உச்சரித்தது. பௌத்த நூலான தாமரைச் சூத்திரத்தின் தொடக்கத்தில், புத்தர் தியானத்தில் அமர்ந்தபோது வானிலிருந்து பொழிந்த மலர்களுள் மாந்தாரவமும் மஞ்சூஷகமும் குறிப்பிடப்படுகின்றன. முன்னது நமக்கு அந்நியமன்று. இந்திரனின் ஐந்து தருக்களுள் ஒன்றாக நாம் சொல்லும் மந்தாரம் அது. சூத்திரத்தில் வருவது விண்ணுலகப் பூ. அதற்கு இந்த வரப்புச் செடியை அடையாளமாக்கியது பிற்கால வழக்கம். ஒரே பூ ஓர் ஊரில் நரகத்தின் பெயரையும் இன்னோர் ஊரில் வானுலகத்தின் பெயரையும் பெற்றிருப்பது, அதை வணங்கியவர்களும் அதற்கு அஞ்சியவர்களும் ஒரே சமயத்தவராய் இருந்தும் நிகழ்ந்தது என்பதே இதில் சுவையானது.

கேள்வி: அடுத்த முறை ஜப்பான் செல்லும்போது நான்கு குமிழங்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வரலாமா? சேலத்தில் வளருமா?
– முதலில் எழுதிய அதே வாசகி

பதில்: கூடாது. செடியையோ குமிழத்தையோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவர, முன்கூட்டிப் பெற்ற இறக்குமதி அனுமதியும், ஏற்றுமதி செய்யும் நாடு வழங்கும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். இல்லையேல் விமான நிலையத்திலேயே பறிமுதல் ஆகும். சேலத்து வெயிலில் அது பூப்பதும் ஐயமே. வெப்பமான கோடைக்குப் பின் தெளிவான குளிர்ச்சி வர வேண்டும் என்று எதிர்பார்க்கும் செடி இது. மலையூர்களில் முயன்றால் ஒருவேளை பலிக்கலாம். வீட்டில் குழந்தைகளோ நாயோ இருந்தால் அந்த முயற்சியும் வேண்டாம். ஜப்பானிலேயே இதன் இலையைக் காட்டுப்பூண்டு என்று எண்ணிச் சமைத்து நோயுற்றவர்கள் உண்டு.

அதைவிட, தங்கள் மகளிடம் ஜனவரி மாதத்தில் அதே வரப்புக்கு ஒருமுறை சென்று வரச் சொல்லுங்கள். சுற்றியுள்ள புல்லெல்லாம் காய்ந்து கிடக்கும்போது, பூ நின்ற அதே இடத்தில் கரும்பச்சையாக ஒடுங்கிய இலைகள் கொத்தாக இருக்கும். பூ உதிர்ந்த பின் முளைத்து, குளிர்காலம் முழுவதும் வெயிலை வாங்கிக் குமிழத்தில் சேமித்து, கோடைக்கு முன் அவை மடிந்துவிடுகின்றன. இலை பூவைப் பார்க்காது, பூ இலையைப் பார்க்காது என்று பொருள்படும் ஹாமிசு ஹனாமிசு என்ற பெயரும் இதற்கு உண்டு. அந்த இலைகளின் படம் கிடைத்தால் அனுப்பி வையுங்கள். பூவின் படத்துக்குப் பக்கத்திலேயே வெளியிடுகிறோம்.