ஈயின் காலில் முளைத்த கண்

அன்புள்ள ஐயா,

எலியின் மரபணு ஒன்றை ஈக்குள் இயங்க வைத்தபோது அதன் காலில் கண் முளைத்தது என்று உங்கள் கட்டுரையில் படித்தேன். அப்படியானால் அந்த ஈக்கு வந்தது எலிக் கண்ணா? மனிதருக்கும் அதே மரபணு உண்டு என்கிறீர்கள். ஒரே ஒரு மரபணுவா நம் கண்ணை உருவாக்குகிறது?

அன்புடன்,
ம., விருதுநகர்

அன்புள்ள ம.,

எலிக் கண் இல்லை. முளைத்தது ஈயின் கூட்டுக்கண்தான். இதை நான் கட்டுரையிலேயே விளக்கியிருக்க வேண்டும்.

1995இல் வெளிவந்த ஆய்வு அது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வால்டர் கேரிங்கின் ஆய்வகத்தில் செய்தார்கள். பழ ஈயில் 'ஐலெஸ்' என்றொரு மரபணு இருக்கிறது. அது கெட்டுப்போனால் ஈக்குக் கண் சிறுத்துவிடும், அல்லது இல்லாமலே போகும். அந்த மரபணுவை, பின்னால் காலாகவும் இறக்கையாகவும் ஆகப்போகிற திசுக்களில் இயங்க வைத்தார்கள். அங்கெல்லாம் கண் வந்தது. அப்புறம் அதே வேலைக்கு, எலியில் ஐலெஸுக்கு இணையான பேக்ஸ்6 மரபணுவை வைத்துப் பார்த்தார்கள். அதற்கும் ஈக்கண்ணே வந்தது!

இந்த மரபணு தரும் புரதம் டிஎன்ஏவில் குறிப்பிட்ட இடங்களில் போய் ஒட்டி, வேறு மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. அவை இன்னும் பலவற்றை முடுக்குகின்றன. 'கண் வேலையை ஆரம்பி' என்ற உத்தரவு மட்டும்தான் எலியுடையது. வேலைக்கு வந்த மரபணுக்கள் எல்லாம் ஈயுடையவை, அவற்றுக்குத் தெரிந்தது கூட்டுக்கண் கட்டத்தான். எலியின் வழியும் ஈயின் வழியும் பிரிந்து ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இன்னும் அந்த உத்தரவு புரிகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

ஆக, ஒரே மரபணு கண்ணை உருவாக்குவதில்லை. ஆனால் அது குறைந்தால் தாங்காது. நமக்கு பேக்ஸ்6 பதினோராம் குரோமோசோமில் இருக்கிறது, தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று. ஒன்று பழுதானால், மற்றது நன்றாக இருந்தும் பாதிப் புரதம் போதுவதில்லை. கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையமான ஐரிஸ் சரியாக வளராது. அனிரிடியா என்பது இதைத்தான். வெளிச்சத்தில் கண் கூசும். விழித்திரையின் நடுப்பகுதியும் பெரும்பாலும் சரியாக அமையாததால், கண்ணாடி போட்டாலும் பார்வை முழுதாகத் தெளியாது.

பெற்றோர் இருவருக்கும் இல்லாமல் குழந்தைக்குப் புதிதாகவும் இது வரும். வயிற்றில் பிள்ளையோடு கிரகணம் பார்த்தாள் என்று தாயைக் குறைசொல்வது அநியாயம். குழந்தைக்கு இது இருப்பது தெரிந்ததும் செய்ய வேண்டியது மரபணுப் பரிசோதனை. பேக்ஸ்6க்கு அருகில் உள்ள டபிள்யூடி1 என்ற மரபணுவும் சேர்ந்து அறுந்திருந்தால், சின்ன வயதிலேயே சிறுநீரகத்தில் புற்றுநோய் வரும் அபாயம் அதிகம். முன்பே தெரிந்தால் அடிக்கடி ஸ்கேன் எடுத்துக் கண்காணிக்கலாம்.