நகம் பட்டாலே உரியும் பெயின்ட்

கேள்வி: மைக்கா ஒட்டிய பழைய அலமாரிக்கு நாங்களே எனாமல் பெயின்ட் அடித்தோம். இரண்டே வாரத்தில், நகம் பட்டாலே தோல் மாதிரி உரிந்து வருகிறது. இன்னொரு கோட் அடித்தால் சரியாகுமா?

பதில்: ஆகாது. புதுக் கோட்டும் பழையதோடு சேர்ந்தே உரியும். பெயின்ட்டைக் குறை சொல்ல வேண்டாம். மைக்காவின் வழவழப்பில் அதற்குப் பிடிமானம் இல்லை, அவ்வளவுதான்.

உரிவதையெல்லாம் சுரண்டி எடுங்கள். கைப்பிடிகளைக் கழற்றிவிட்டு, சோப்புத் தண்ணீரால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடையுங்கள். கைப்பிடியைச் சுற்றித்தான் பிசுக்கு அதிகம். முதலில் உரிவதும் அங்கேதான். காய்ந்ததும் 180 அல்லது 220 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு மங்கும்வரை தேயுங்கள். மைக்காவின் நிறம் போகும் அளவுக்குத் தேய்க்க வேண்டாம். தூசியைத் துடைத்துவிட்டு, வழவழப்பான பரப்பிலும் ஒட்டும் என்று டப்பாவில் போட்டிருக்கும் பிரைமர் ஒரு கோட். சுவர் பிரைமர் மிச்சம் இருக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள்!

மறுநாள் ஓர் ஓரத்தில் நகத்தால் அழுத்திக் கீறிப் பாருங்கள். உரியாவிட்டால் மட்டும், ஸ்பாஞ்ச் ரோலரால் மெல்லிசாக 2 கோட் எனாமல். ஒரே கோட்டில் தடிமனாக அடித்தால் வழியும், உள்ளே காயாது. தொட்டால் ஒட்டாவிட்டாலும் முழுதாக இறுக 2, 3 வாரமாகும். அதுவரை தட்டுகளில் கனமான பொருள் வேண்டாம்.