அளவு ஜாக்கெட்டை முதலில் மாற்றுங்கள்

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "எனக்கு வயது 66. அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். பள்ளிக்குப் போன காலத்தில், கஞ்சி போட்ட பருத்திப் புடவையைப் பொருத்தமான ஜாக்கெட்டுடன் உடுத்திச் செல்வதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி இருந்தது. இப்போது பீரோ நிறையப் புடவைகள் இருந்தும் வீட்டில் நைட்டி, வெளியே போனால் இரண்டே இரண்டு சாம்பல் நிறப் புடவைகள் என்றாகிவிட்டது. ஜாக்கெட் எதுவும் சரியாக அமைவதில்லை. முதுகுப்பக்கம் மேலே ஏறிக்கொள்கிறது. பட்டு உடுத்தினால் இடது தோள் வலிக்கிறது. மருமகள் சுடிதார் போடச் சொல்கிறாள். இரண்டாண்டுகளுக்கு முன் கணவர் காலமானார். இனி வெளிர் நிறம்தான் உடுத்த வேண்டும் என்கிறார் நாத்தனார். தை மாதத்தில் என் தங்கை மகளுக்குத் திருமணம். கணவர் ஆரணியில் வாங்கித் தந்த மாம்பழ மஞ்சள் பட்டு, அரக்குக் கரை போட்டது, அதை உடுத்த எனக்கு ஆசை. என்ன செய்யலாம்?"

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் நிறத்தைப் பற்றியும் சுடிதாரைப் பற்றியும்தான் அதிகம் கவலைப்படுகிறீர்கள். ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெண்களுக்குத் தையல் கற்பித்த என் கண்ணுக்கு உங்கள் கடிதத்தில் முதலில் பட்டது, முதுகில் ஏறுகிறது என்ற அந்த ஒரு வரிதான். புடவை எத்தனை அழகாக இருந்தாலும், உள்ளே ஜாக்கெட் கையைப் பிடித்து, முதுகைத் தூக்கி, கழுத்தை இழுத்துக்கொண்டிருந்தால் உடுத்துபவருக்கு அது தண்டனையாகிவிடும்; நாளடைவில் அவர் புடவையையே வெறுத்து நைட்டிக்குள் புகுந்துகொள்வார். புடவைமேல் சலிப்பு வந்துவிட்டது என்று சொல்லும் மூத்த பெண்களில் பெரும்பாலோருக்கு உண்மையில் வந்திருப்பது ஜாக்கெட்மேல் வந்த சலிப்பு என்பது என் அனுபவம்.

நம் ஊர்ப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். தையற்கடைக்குப் போகும்போது துணியோடு ஒரு பழைய ஜாக்கெட்டைச் சுருட்டிக் கொடுத்து, "இதுதான் அளவு, மார்புச் சுற்றளவில் மட்டும் ஒரு அங்குலம் விடுங்கள்" என்று சொல்லிவிட்டு வருகிறோம். அந்த அளவு ஜாக்கெட்டோ நாற்பத்தைந்து வயதில் தைத்ததாக இருக்கும். அதன் பிறகு உடல் பருத்திருப்பது மட்டுமே மாற்றம் என்று நாமும் நினைக்கிறோம், தையற்காரரும் நினைக்கிறார். உண்மையில் மாறியிருப்பது சுற்றளவைவிட வடிவம்தான். முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் நீர்ச்சத்து குறைந்து தட்டையாவதாலும், மாதவிடாய் நின்ற பிறகு எலும்பின் அடர்த்தி குறைவதாலும் உயரம் சற்றுக் குறைகிறது, மேல்முதுகு லேசாக வளைகிறது, தோள்கள் முன்னோக்கிச் சாய்கின்றன, மார்பு தாழ்கிறது. வளைந்த முதுகை மூடுவதற்குப் பின்பக்கத் துணி அதிகமாகத் தேவைப்படுகிறது, முன்பக்கத்திலோ துணி மிஞ்சுகிறது. பழைய அளவிலேயே தைத்தால் பின்பக்கம் மேலே ஏறுவதும், முன்பக்கம் தொளதொளவென்று மடிவதும், தோள் தையல் முதுகுப்பக்கம் நழுவுவதும் இதனால்தான். சுற்றளவை எத்தனை அங்குலம் கூட்டினாலும் இக்குறை தீராது.

ஆகவே அந்த அளவு ஜாக்கெட்டை ஓரமாக வைத்துவிட்டு, உடலிலேயே புதிதாக அளவெடுக்கச் சொல்லுங்கள். அளவெடுக்கும்போது நம்மை அறியாமலேயே நிமிர்ந்து நின்றுவிடுகிறோம். வகுப்பில் நின்று பழகிய ஆசிரியைகள் இதில் முதலிடம். நீங்கள் வழக்கமாக எப்படி நிற்பீர்களோ அப்படியே நின்று அளவு கொடுக்க வேண்டும். பிடரி எலும்பிலிருந்து இடுப்பு வரை முதுகின் நீளத்தையும், தோளிலிருந்து மார்பு முனை வரை முன்பக்க நீளத்தையும் தனித்தனியாக எடுக்கச் செய்யுங்கள். பல தையற்காரர்கள் இரண்டையும் ஒரே அளவாக வைத்து வெட்டுவதால், இதை நீங்கள் வாய்விட்டுக் கேட்டாக வேண்டும். உங்கள் உடலமைப்பில் பின்பக்கம் முக்கால் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரை கூடுதலாகத் தேவைப்படலாம். தோள் தையலை அரை அங்குலம் முன்னால் தள்ளி வைத்தால் கழுத்து பின்னால் இழுபடாது. பின்கழுத்தை நான்கு அல்லது ஐந்து அங்குலத்துக்கு மேல் இறக்க வேண்டாம். இறக்கம் கூடினால், சாய்ந்த தோளிலிருந்து ஜாக்கெட் வழுக்கிக்கொண்டே இருக்கும். கை முழங்கைக்குச் சற்று மேலே நின்று, சுற்றளவில் ஒன்றரை அங்குலத் தளர்ச்சியுடன் இருந்தால், கையைத் தூக்கி பஸ் கம்பியைப் பிடிக்கும்போதும் அக்குள் இழுக்காது. விரல் மூட்டுகளில் வலி இருந்தால் சிறிய கொக்கிகளுக்குப் பதிலாகப் பெரிய கொக்கிகளோ பிரஸ் பட்டனோ வைத்து, முன்பக்கமே திறப்பு வைத்துக்கொள்ளுங்கள். முதுகுப்பக்கத் திறப்பு இளம்பெண்களுக்கு அழகுதான். அவர்களுக்கும் கொக்கி போட்டுவிட வீட்டில் ஒருவர் வேண்டும்.

முதலில் விலை குறைந்த டூ பை டூ துணியில் ஒரே ஒரு ஜாக்கெட் தைத்து, நாள் முழுவதும் அணிந்து, குனிந்து நிமிர்ந்து பாருங்கள். திருத்தங்களைச் சொல்லி அது சரியான பிறகு, அதையே உங்கள் புதிய அளவு ஜாக்கெட்டாக வைத்துக்கொள்ளலாம். உள்தையலில் ஒரு அங்குலம் துணி விட்டுத் தைக்கச் சொல்வது அவசியம். பீரோவில் உள்ள பழைய ஜாக்கெட்டுகளில் உள்தையல் துணி இருப்பவற்றைப் பிரித்து ஓரளவு தளர்த்திக்கொள்ளலாம். ஆனால் முதுகின் நீளத்தைக் கூட்ட முடியாது என்பதால் பாதிக்கு மேல் தேறாது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது தோள்வலி. காஞ்சிபுரத்துப் பட்டு, ஜரிகையின் அளவைப் பொறுத்து, அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோவுக்கு மேலும் எடை கொண்டது. முந்தானையை ஐந்தாறு மடிப்பாக மடித்து இடது தோளில் ஊக்கு குத்தும்போது அந்த எடையின் பெரும்பகுதி நான்கு விரல் அகலத்தில் தொங்குகிறது. ஊக்கு ஜாக்கெட்டின் தோள் தையலில் குத்தப்பட்டால், ஜாக்கெட்டும் சேர்ந்து கழுத்தை அறுக்கும். முந்தானையை மடிக்காமல் ஒற்றையாக விட்டு, இடது கையில் சரியவிட்டு உடுத்தினால் எடை தோளுக்கும் கைக்குமாகப் பகிர்ந்துவிடும். நம் பாட்டிமார் வலது தோள் வரை முந்தானையைச் சுற்றிப் போர்த்திக்கொண்டதும் இதே கணக்குதான். நீங்கள் கேட்கும் புடவை ஆரணிப் பட்டு என்பது உங்கள் நல்ல காலம். பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்து, 1989இல் மாவட்டம் பிரிந்தபோது திருவண்ணாமலையோடு சேர்ந்த ஆரணியின் பட்டு, காஞ்சிபுரத்துப் பட்டைவிடப் பொதுவாக எடை குறைந்தது. மணிக்கணக்கில் உட்கார்ந்து எழ வேண்டிய திருமண வீட்டுக்கு உங்கள் வயதில் இதைவிடத் தோதான பட்டு வேறு இல்லை.

யாரும் கேட்காத ஒன்றையும் நானே சொல்ல வேண்டியிருக்கிறது. உள்பாவாடை நாடாவை எந்த அளவுக்கு இறுக்குகிறீர்கள்? இடுப்பில் கருத்த தழும்பு விழுந்து, வியர்வை நாள்களில் அரிப்பெடுத்தால், அதை வழக்கம்தானே என்று விட்டுவிடக் கூடாது. ஆண்டுக்கணக்கில் இடுப்பில் இறுக்கிக் கட்டிவந்த இரண்டு முதிய பெண்களுக்கு, ஆறாத புண் ஏற்பட்டு, அது தோல் புற்றுநோயாக மாறியதை இந்திய மருத்துவர்கள் 2024இல் மருத்துவ இதழ் ஒன்றில் பதிவு செய்தார்கள். இது மிக அரிது, அச்சப்படத் தேவையில்லை. ஆனால் ஆறாத புண் எதுவாக இருந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மெல்லிய கயிறு நாடாவுக்குப் பதிலாக இரண்டு அங்குல அகலப் பட்டி வைத்து, பக்கவாட்டில் கொக்கியோ அகலமான எலாஸ்டிக்கோ தைத்துக்கொண்டால் அழுத்தம் பரவிவிடும். எலாஸ்டிக்கில் கொசுவம் நிற்காது என்று பலர் சொல்வார்கள். பருத்திப் பாவாடைமேல் பருத்திப் புடவை நன்றாகவே நிற்கும், வழுக்குவது சாட்டின் பாவாடையில்தான். உயரம் குறைந்திருப்பதால் பாவாடையின் நீளத்தையும் குறைத்துத் தையுங்கள். புடவை உடுத்தும் முன்பே செருப்பைப் போட்டுக்கொண்டு, கீழ் ஓரம் தரையிலிருந்து அரை அங்குலம் உயர்ந்து நிற்கும்படி கட்டிக்கொண்டால், படியில் இறங்கும்போது ஓரம் காலில் சிக்காது.

அன்றாடத்துக்குப் பருத்திக்கு ஈடில்லை. சித்திரை வைகாசியில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நம் வேலூர் வெயிலில் பாலியஸ்டர் புடவை உடம்பின் வியர்வையை உறிஞ்சாது. அடுப்பருகே தீப்பட்டால் உருகி உடம்பில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. மல் பருத்தி, மதுரைச் சுங்குடி போன்ற மென்மையான புடவைகள் உங்களுக்கு ஏற்றவை. கஞ்சியை விட்டுவிட வேண்டாம். பள்ளி நாள்களில் போட்டதில் கால்பங்கு அளவுக்கு வடிகஞ்சியைத் தண்ணீரில் கலந்து போடுங்கள். மொடமொடப்பு இல்லாமல் கொசுவம் மட்டும் நிற்கும். நைட்டியை நான் இழிவாகச் சொல்ல மாட்டேன். தெருமுனைக்குப் பால் வாங்கப் போகும்போது அதன்மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொள்ளும் நம் ஊர்த் தீர்வுக்கு நானும் விதிவிலக்கல்ல. ஆனால் காலை முதல் இரவு வரை அதுவே என்றானால் உடுத்தும் சுவை மங்கிவிடும். காலைக் குளியலுக்குப் பிறகு பருத்திப் புடவை, இரவு உணவுக்குப் பிறகு நைட்டி என்று பிரித்துக்கொண்டால், உங்கள் பீரோவுக்கே உயிர் வந்துவிடும்.

மருமகள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ரயில் பயணம், மருத்துவமனைக் காத்திருப்பு, காலை நடை ஆகியவற்றுக்குச் சுடிதார் வசதியானதுதான். அவசரமாகக் கழிவறை செல்ல வேண்டிய வயதில் நாடாவைவிட எலாஸ்டிக் இடுப்பு எவ்வளவு பெரிய உதவி என்பதை நாம் வெளியே பேசுவதில்லை. கணுக்காலைப் பிடிக்கும் சுடி பேன்ட் மட்டும் வேண்டாம். வீங்கிய காலில் அதை இழுத்து ஏற்றுவதற்குள் மூட்டு வலித்துவிடும். நேரான பேன்ட், முழங்காலுக்குக் கீழே இறங்கும் குர்தா, இடுப்புக்குக் கீழே தொடங்கும் பக்கத்திறப்பு, பருத்தித் துப்பட்டா, தவறாமல் ஒரு பை. இந்த அளவில் இரண்டு செட் போதும். புடவையா சுடிதாரா என்று கட்சி பிரிய வேண்டியதில்லை.

காலணியைப் பற்றி ஒரு சொல். தோல் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஆம்பூரும் இராணிப்பேட்டையும் நமக்குப் பக்கத்திலேயே இருக்கும்போது, மெல்லிய ரப்பர் செருப்போடு திருமண மண்டபத்தில் நிற்க வேண்டியதில்லை. குதிகாலில் பட்டை உள்ள, உள்பாதம் மென்மையான தோல் செருப்பாகப் பாருங்கள். நீரிழிவு இருந்தால் எம்.சி.ஆர். எனப்படும் மென்ரப்பர் உள்பாதம் உள்ளதையே வாங்குங்கள். 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் உணர்விழந்த பாதங்களில் புண் வராமல் காக்கும் காலணிகளுக்காக உழைத்தது இதே மண்ணில்தான்.

இனி நிறம். வயது கூடக்கூடக் கண்ணின் வில்லை மஞ்சள் படிந்து, நீலத்தை மங்கலாகக் காட்டும். கருநீலமும் கறுப்பும் ஒன்றுபோலத் தெரியும். அதனால்தான் கடையின் வெளிச்சத்தில் எடுத்த புடவை, வீட்டில் மகள் கண்ணுக்கு வேறு நிறமாக இருக்கிறது. கடை வாசலுக்கு எடுத்துவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் எண்ணம் இருந்தால், விலையுயர்ந்த புடவையை அதற்குப் பிறகு எடுங்கள். நீலங்கள் திடீரென்று துலங்குவதைப் பார்த்துப் பலர் வியந்து சொல்லக் கேட்டிருக்கிறேன். முகத்தருகே இருப்பது ஜாக்கெட்டும் முந்தானையும்தான். தலை நரைத்த பிறகு சாம்பலும் வெளிர்ப் பழுப்பும் முகத்தைச் சோர்வாகக் காட்டுகின்றன. அரக்கு, மயில்கழுத்து நிறம், எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் வழங்கும் எம்.எஸ். நீலம் ஆகியவை நரைக்கு எடுப்பாக அமைகின்றன.

உங்கள் நாத்தனார் சொல்வது உடையின் இலக்கணம் அன்று; அது வழக்கம். அவரும் ஒரு துயரத்திலிருந்துதான் பேசுகிறார் என்பதால் அவரோடு வாதாட வேண்டாம். ஆனால், எது உடுத்தலாம் என்ற முடிவு உங்களுடையது என்பதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. உங்கள் கணவர் தேர்ந்தெடுத்த நிறத்தை, அவர் இல்லை என்பதற்காகப் பீரோவில் பூட்டி வைப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

அந்தப் புடவையை இந்த வாரமே வெளியே எடுங்கள். நீண்ட நாள் ஒரே மடிப்பில் இருந்திருந்தால், மடிப்புக் கோட்டில் பட்டு இற்றிருக்கலாம். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, இழை தெரிந்தால் அந்த இடத்துக்குப் பின்னால் மெல்லிய துணி வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். ஃபால்ஸ் பழையதாக இருந்தால் மாற்றிவிடுங்கள். நிழலில் ஒரு மாலை உலரவிட்டு, துவைத்த பழைய வேட்டியில் சுற்றி, மடிப்பை மாற்றி வையுங்கள். அந்துருண்டையும் வாசனைத் திரவியமும் ஜரிகையில் படக் கூடாது, அது கறுத்துவிடும். ஜாக்கெட்டை மஞ்சளில் தைக்காமல், கரையோடு சேரும் அரக்கில், உள்ளே மெல்லிய பருத்தி லைனிங் வைத்துத் தையுங்கள். மார்கழியில் பொங்கல் வேலை குவிந்துவிடும் என்பதால், கார்த்திகை பாதிக்குள் மாதிரி ஜாக்கெட்டைத் தைத்துப் பார்த்துவிட்டு, இதற்கான துணியைக் கொடுத்துவிட வேண்டும். திருமணத்துக்கு நான்கு நாள் முன்பு, செருப்போடு முழுமையாக உடுத்திக்கொண்டு ஒரு மணி நேரம் வீட்டில் நடந்து, உட்கார்ந்து, மாடிப்படி ஏறி இறங்கிப் பாருங்கள். ஏதேனும் இழுத்தால், தையற்காரரிடம் ஓடுவதற்கு அப்போதும் உங்களுக்கு மூன்று நாள் இருக்கும்.