மொரீசியஸில் பஸ் பிடிப்பது எப்படி? ரோஸ் ஹில் வாசகி ஒருவருக்குப் பதில்

கேள்வி: என் கணவருக்கு எபெனில் வேலை கிடைத்ததால் நான்கு மாதங்களுக்கு முன் கும்பகோணத்திலிருந்து இங்கே வந்தோம். ரோஸ் ஹில்லில் வீடு. கார் வாங்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லை. 66 வயதான என் மாமியார் மூன்று மாதம் தங்க வந்திருக்கிறார். போர்ட் லூயிஸில் உள்ள கைலாசம் கோயில், கிராண்ட் பே கடற்கரை, தைப்பூசக் காவடிக்கு 'குவாட்ரே போர்னஸ்' மலைக்கோயில், கடைசியில் அவரை வழியனுப்ப விமான நிலையம், இவற்றுக்கெல்லாம் எந்த நம்பர் பஸ்? ஒவ்வொரு பஸ்ஸிலும் ஒவ்வொரு கம்பெனிப் பெயர் இருக்கிறது. எது அரசு பஸ் என்றே தெரியவில்லை. முதியோருக்குப் பயணம் இலவசம் என்கிறார்கள். அது மாமியாருக்கும் பொருந்துமா?

பதில்: சகோதரி, இலவசக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன், நடத்துனரோடு வீண் வாக்குவாதம் வரக்கூடிய இடம் அதுதான். 2005 செப்டம்பர் முதல் மொரீசியஸில் மாணவர்களும், 60 வயதைத் தாண்டியவர்களும், மாற்றுத்திறனாளிகளும் கட்டணமின்றிப் பஸ்ஸில் போகிறார்கள். ஆனால் முதியவருக்கு அந்த உரிமையைத் தருவது நரைத்த தலை அல்ல, இந்நாட்டு அடையாள அட்டை. உங்கள் மாமியார் விருந்தினராக வந்திருப்பவர். அவருக்கு டிக்கெட் எடுத்துவிடுங்கள். எடுத்த டிக்கெட்டை இறங்கும்வரை பத்திரமாகக் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். நடுவழியில் பரிசோதகர் ஏறுவது இங்கே வழக்கம்.

இனி பஸ் நம்பர். முப்பது ஆண்டுகள் இந்தத் தீவின் பஸ் தடங்களோடு வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நம்பர் பட்டியலை மனப்பாடம் செய்து இங்கே யாரும் பயணம் போவதில்லை. என் அம்மாவுக்கு ஒரு நம்பரும் தெரியாது. தீவு முழுக்கச் சுற்றி வந்தார். எந்த ஊருக்கான பஸ் எந்த நிலையத்திலிருந்து புறப்படுகிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியும். அது போதும். அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பழங்கதை தேவைப்படுகிறது.

இங்கே பஸ் நிலையத்தை எல்லோரும் 'லா கார்' என்பதைக் கேட்டிருப்பீர்கள். பிரெஞ்சில் அது ரயில் நிலையத்தைக் குறிக்கும் சொல். 1864-இல் போர்ட் லூயிஸிலிருந்து வடக்கு நோக்கி முதல் ரயில் பாதை திறக்கப்பட்டது. மறு ஆண்டே, 1865-இல், மேட்டுநிலத்தின் வழியாகத் தெற்கே மாயேபூர் வரை இரண்டாவது பாதை. கரும்பையும் சர்க்கரையையும் துறைமுகத்துக்குக் கொண்டுவரப் போட்ட தண்டவாளங்கள் அவை. நம் முன்னோர் வெட்டிய கரும்பும் அதில் போயிற்று, பின்னாளில் அவர்களே அதில் பயணிகளாகவும் போனார்கள். மோட்டார் பஸ்ஸும் லாரியும் பெருகியபோது ரயிலால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 1956-இல் பயணிகள் ரயில் நின்றது. 1964-இல் சரக்கு ரயிலும் முடிந்தது. ஊர்கள் அந்தப் பாதையை ஒட்டியே வளர்ந்துவிட்டிருந்தன. ரயில் போன இடத்துக்குப் பஸ் வந்தது, ரயில் நிலையத்தின் பெயரையும் எடுத்துக்கொண்டது. உங்கள் ஊர் நடுவே உள்ள பிளாஸ் மார்ஜியோ பஸ் நிலையம் இருக்கிறதே, அது பழைய ரோஸ் ஹில் ரயில் நிலையம் இருந்த இடம்தான்.

ஆகவே இன்றும் தீவின் பஸ் வரைபடம் அந்தப் பழைய ரயில் வரைபடத்தின் நிழலாகவே இருக்கிறது. எல்லாம் போர்ட் லூயிஸில் வந்து கூடும், அங்கிருந்து பிரியும். தலைநகரில் இரண்டு பெரிய நிலையங்கள். தெற்கு, மேற்கு, மேட்டுநில ஊர்களுக்கு விக்டோரியா நிலையம். வடக்கே உள்ள ஊர்களுக்கு இமிகிரேஷன் சதுக்கம். இந்த ஒரு பிரிவினையை மனத்தில் பதித்துக்கொண்டால் உங்கள் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். ஒரு நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போகலாம். மாமியாரின் நடைக்கு இருபது நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். நண்பகல் வெயிலில் வேண்டாம்.

கம்பெனிப் பெயர்களைப் பற்றிக் கவலை தேவையில்லை என்றாலும், ஏன் இத்தனை பெயர்கள் என்று சொல்லிவிடுகிறேன். யுனைடெட் பஸ் சர்வீஸும் ரோஸ் ஹில் டிரான்ஸ்போர்ட்டும் 1954-இல் உருவானவை. வடக்கே திரியோலே பஸ் சர்வீஸ். 1979-இல் சட்டம் இயற்றி அரசு தன் சொந்த நிறுவனமான தேசியப் போக்குவரத்துக் கழகத்தை அமைத்தது. அதற்கு ஆங்கிலத்தில் என்.டி.சி., பிரெஞ்சில் சி.என்.டி. இரண்டும் ஒன்றுதான், இரண்டு கம்பெனிகள் என்று நினைத்துப் புதிதாக வந்தவர்கள் பலர் குழம்புகிறார்கள். இவை போக, ஓரிரு பஸ்களை மட்டும் வைத்து ஓட்டும் தனி உரிமையாளர்கள் பலர் கூட்டுறவுச் சங்கங்களாகச் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய பஸ்களின் நெற்றியில் பிள்ளைக்குப் பெயர் வைப்பதுபோல் ஆசையாக ஒரு பெயர் எழுதியிருக்கும். அதைத் தடப் பெயர் என்று எண்ணிவிடாதீர்கள். தடத்துக்கு அனுமதி வழங்குவதும் கட்டணத்தை நிர்ணயிப்பதும் அரசு. கட்டணம் ஸ்டேஜ் கணக்கில் தூரத்துக்கு ஏற்ப ஏறும். எனவே நீங்கள் போக வேண்டிய ஊரின் பெயர் போட்ட பஸ் முதலில் எது வருகிறதோ, அதில் ஏறலாம்.

இன்னொன்று, சும்மா மகிழ்ச்சிக்காகச் சொல்கிறேன். ஏறும்போது முன்புறம் பாருங்கள். பல பஸ்களில் அசோக் லேலண்ட் என்று இருக்கும். எண்ணூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் அதே கம்பெனி. இந்தியப் பெருங்கடலைத் தாண்டி வந்த அந்த எஞ்சின் க்யூர்பீப் மழையில் மேடேறும் சத்தம் எனக்கு இன்றும் பிடிக்கும்.

ஊர்ப் பெயர்களின் உச்சரிப்பை நீங்கள் கொஞ்சம் பழகிக்கொள்ள வேண்டும், சகோதரி. உங்கள் கடிதத்தில் 'குவாட்ரே போர்னஸ்' என்று எழுதியிருக்கிறீர்கள். எழுத்தைப் பார்த்தால் அப்படித்தான் படிக்கத் தோன்றும். ஆனால் நடத்துனர் கூவுவது 'காத்ர் போர்ன்'. கியூர்பைப் அல்ல, க்யூர்பீப். மாஹேபர்க் அல்ல, மாயேபூர். போர்ட் லூயிஸைப் 'போர் லூயி' என்பார்கள். நிலையத்தில் பலகையை மட்டும் பார்த்துக்கொண்டு, காதில் விழும் கூவலை விட்டுவிட்டுக் கண்ணெதிரே பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் ஏராளம்.

இப்போது உங்கள் பயணங்களுக்கு வருகிறேன். ரோஸ் ஹில்லில் வீடு எடுத்தது உங்கள் அதிர்ஷ்டம். 2020 ஜனவரியில் போர்ட் லூயிஸுக்கும் ரோஸ் ஹில்லுக்கும் இடையே மெட்ரோ பயணிகளை ஏற்றத் தொடங்கியது. 2021-இல் காத்ர் போர்ன் வரை, 2022-இல் ஃபீனிக்ஸ் வரை, அதே ஆண்டு அக்டோபரில் க்யூர்பீப் வரை நீண்டது. 2023 ஜனவரியில் ரோஸ் ஹில்லிலிருந்து எபென் வழியாக ரெதுய் வரை ஒரு கிளையும் வந்தது. உங்கள் கணவர் வேலைக்குப் போக இனி வேறு யோசனையே வேண்டாம். போர்ட் லூயிஸ் முதல் க்யூர்பீப் வரை சுமார் 26 கிலோமீட்டர். பெரும்பகுதி அந்தப் பழைய ரயில் தடத்திலேயே போகிறது. தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகு அதே நிலத்தில் மறுபடி தண்டவாளம் போட்டார்கள். பிடுங்காமலே இருந்திருக்கலாமே என்று என் தலைமுறைக்கு ஒரு ஆற்றாமை உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. மெட்ரோவுக்கு 'எம்.இ. கார்டு' என்ற அட்டையை நிலையத்தில் வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்ளுங்கள். பஸ்ஸுக்குச் சில்லறையும் சிறு நோட்டுகளும் எப்போதும் பையில் இருக்கட்டும்.

கைலாசம் கோயிலுக்கு: மெட்ரோவில் விக்டோரியா வரை போய் இறங்குங்கள். கைலாசம் என்று சொல்லப்படும் இந்தச் சொக்கலிங்கம் மீனாட்சியம்மன் கோயில் நகரின் வடக்குப் பக்கம், சாந்த்-குருவா திசையில் இருக்கிறது. அதனால் இமிகிரேஷன் சதுக்கத்துக்குப் போய், பேர் லவால் அல்லது சிதே லா க்யூர் என்று பலகை போட்ட பஸ்ஸைக் கேளுங்கள். நடத்துனரிடம் 'கைலாசம் கோவில்' என்று சொன்னாலே போதும், இங்கே கிரியோல் பேசுபவர்களும் கோயிலைக் 'கோவில்' என்றுதான் சொல்கிறார்கள். போகும் வழியில் ஒரு கால் மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள் என்று உரிமையோடு கேட்கிறேன். சதுக்கத்துக்குப் பக்கத்தில்தான் ஆப்ரவாசி காட் இருக்கிறது. ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் கப்பலிலிருந்து இறங்கி ஏறிய பதினாறு படிகள் அங்கே இருக்கின்றன. 2006-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. வடக்கே போகும் பஸ்ஸுக்காக ஆயிரக்கணக்கானவர்கள் தினமும் அதைக் கடந்து ஓடுகிறார்கள். உங்கள் மாமியார் ஒருமுறை நின்று பார்க்கட்டும்.

கிராண்ட் பேவுக்கும் அதே சதுக்கம்தான். சாதாரண பஸ் திரியோலே போன்ற ஊர்களில் எல்லாம் நின்று நின்று போகும். எக்ஸ்பிரஸ் என்று பலகையில் இருந்தால் நிறுத்தங்கள் குறைவு. மாலை திரும்பும் நேரத்தில் மட்டும் கவனம் தேவை. நகர்ப்புறத் தடங்களில் காலை ஐந்தரை மணிவாக்கில் தொடங்கி இரவு எட்டு மணி வரை பஸ் இருக்கும். கிராமத் தடங்கள் மாலை ஆறரைக்கே ஏறக்குறைய அடங்கிவிடும். போர்ட் லூயிஸ், ரோஸ் ஹில், காத்ர் போர்ன், க்யூர்பீப் வழித்தடம் மட்டும் பதினொரு மணி வரை விழித்திருக்கும். என் இளமையில் தெற்கே ஒரு கடற்கரைக் கிராமத்தில், கடைசி பஸ் போய்விட்டது தெரியாமல் ஏழு மணி வரை கரும்புக்காட்டு ஓரம் நின்றிருக்கிறேன். அந்த வழியாக வந்த ஒரு காய்கறி லாரிக்காரர் ஏற்றிக்கொண்டார். வயதானவரோடு போகும்போது அந்தச் சோதனை வேண்டாம். கிராண்ட் பேயிலிருந்து நான்கரை மணிக்கே கிளம்பிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறை நாட்களிலும் பஸ்கள் இன்னும் குறைவு.

தைப்பூசக் காவடி அரசு விடுமுறை நாள் என்பதால் அந்தக் கணக்கு அன்றைக்கும் பொருந்தும். நீங்கள் கேட்ட மலைக்கோயில் கோர் த கார்த் மலையில் இருக்கிறது, அதற்கு காத்ர் போர்ன் வரை மெட்ரோவில் போய்விடுங்கள். அங்கிருந்து மலையடிவாரம் ஊரின் மறுபக்கம். காவடி ஊர்வலங்கள் சாலையை நிறைத்திருக்கும். வாகனம் நகராது, நகரவும் கூடாது. காலையிலேயே போனால் வெயிலுக்கு முன் மாமியாரை மெதுவாக நடத்திக்கொண்டு போகலாம், முடியாவிட்டால் ஊர்வலம் தொடங்குவதற்கு முன்பே டாக்சி வைத்துக்கொள்ளலாம். குன்றின் மேல் ஏறப் படிகள் இருக்கின்றன. மூட்டுவலி இருந்தால் அடிவாரத்திலேயே அவருக்கு நல்ல தரிசனம் கிடைக்கும். யாராவது வீட்டுக்கு ஏழு கறிச் சாப்பாட்டுக்கு அழைத்தால் மறுக்காதீர்கள்.

விமான நிலையம் கடைசி. ரோஸ் ஹில்லிலிருந்து மெட்ரோவில் க்யூர்பீப் வரை போங்கள். அங்குள்ள பஸ் நிலையப் பகுதிக்கு ஜான் பலாக் என்று பெயர். சோவியத் ஆக்கிரமிப்பை எதிர்த்து 1969-இல் பிராக் நகரில் தீக்குளித்த செக் நாட்டு மாணவனின் பெயர் அது. அந்த நிலையத்தில் மாயேபூர் பஸ்ஸைத் தேடி, ஏறுமுன் 'பிளேசான்ஸ்?' என்று கேளுங்கள். விமான நிலையத்துக்கு இங்கே அதுதான் பெயர். எல்லா மாயேபூர் பஸ்ஸும் உள்ளே போகும் என்று நம்பிவிட வேண்டாம். பெட்டி வைக்கத் தனி இடம் கிடையாது. பெரிய பெட்டி இருக்கையை அடைத்தால் அதற்கும் டிக்கெட் கேட்பார்கள், அது நியாயம்தான். கையில் ஒரு சிறு பை என்றால் தாராளமாகப் பஸ்ஸில் போகலாம். மூன்று மாதம் தங்கிவிட்டுக் கும்பகோணத்துக்குப் புறப்படும் மாமியாரிடம் ஒரு சிறு பை மட்டும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இரவு விமானமானால் பஸ்ஸும் இருக்காது. அன்றைக்கு மட்டும் டாக்சிக்குச் சொல்லிவிடுங்கள், கட்டணத்தை முதல் நாளே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.