மொராக்கோ பிள்ளைகளுக்குப் பொறுப்பு எங்கிருந்து வருகிறது? கேள்வி பதில்

மொராக்கோ இளைஞர்களின் வளர்ப்பு பற்றி நம் உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த வரையில் பதில் சொல்கிறேன்.

கே: 2022 கால்பந்து உலகக் கோப்பையில் மொராக்கோ வீரர்கள் ஜெயித்ததும் அம்மாவைத் தேடி ஓடினார்களே, கேமராவுக்காகவா?

இல்லைங்க. போர்ச்சுகலை வென்ற அன்று சோஃபியான் பூஃபால் மைதானத்திலேயே தாயோடு ஆடினார். அவர் பிறந்தது பாரிஸ். பெல்ஜியத்தை வென்றதும் தாயிடம் போய் முத்தம் வாங்கிய அஷ்ரஃப் ஹக்கீமி மாட்ரிட்டில் பிறந்தவர். எங்கே பிறந்தாலும் பெற்றோர் மனம் குளிர்ந்து தரும் ஆசி இல்லாமல் எதுவும் கைகூடாது என்று கேட்டே வளர்கிறார்கள். பரீட்சைக்குப் போனாலும் கடல் தாண்டி வேலைக்குப் போனாலும் அது வேண்டும். பெத்தவங்க சாபத்துக்கு ஆளானவன் என்று பெயர் எடுத்தால் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

கே: எந்த வயதில் பொறுப்பு கொடுக்கிறார்கள் அக்கா? என் மகனுக்குப் பத்து வயது, தண்ணீர் பாட்டிலைக்கூட எடுத்து வைப்பதில்லை.

பழைய நகரத் தெருக்களில் இன்றும் ஒரு காட்சி உண்டு. வீட்டில் பிசைந்து தட்டிய ரொட்டி மாவைப் பலகையில் அடுக்கி, துணி போர்த்தி, பிள்ளையிடம் கொடுத்துத் தெருமுனைப் பொது அடுப்புக்கு அனுப்புவார்கள். கூட்டத்தில் இடிபடாமல் போக வேண்டும், அடுப்புக்காரரிடம் ஒப்படைக்க வேண்டும், மதியத்துக்குள் தங்கள் வீட்டு ரொட்டியை அடையாளம் பார்த்து வாங்கி வர வேண்டும். தவறவிட்டால் அன்றைக்கு வீட்டுச் சாப்பாடு தாமதம். பிள்ளையின் கையில் இருப்பது நிஜமான வேலை, நாலு பேர் வயிறு அதை நம்பியிருக்கிறது. உங்கள் மகனிடமும் வீடு உண்மையிலேயே நம்பியிருக்கிற ஒரு வேலையைக் கொடுத்துப் பாருங்கள். பாட்டில் யார் எடுத்து வைத்தாலும் ஒன்றுதான், அதனால் அவனுக்கு அது ஒட்டாது.

கே: மலைக்கிராமங்களில் எப்படி?

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. ஹை அட்லஸ் மலையில் அமாசிக் எனப்படும் பூர்வகுடி (பெர்பர்) மக்களுக்கு 'அக்தால்' என்றொரு ஏற்பாடு உண்டு. மாராக்கேஷுக்குத் தெற்கே உகைமெதன் மேய்ச்சல் நிலத்தை வசந்தத்தில் அடைத்துவிடுவார்கள், ஆகஸ்டில்தான் திறப்பார்கள். புல் தலையெடுத்து விதை விழும் வரை ஒரு மாடு உள்ளே போகக்கூடாது. மீறினால் ஊர் அபராதம் போடும். மேய்க்கிற பையனுக்குக் கண்முன்னே பச்சைப் புல், பின்னால் பசித்த மந்தை. அவன் விலகி நடக்கிறான். இதையெல்லாம் வகுப்பறையில் சொல்லிக்கொடுக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கே: 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்ற பயம்தானே அங்கேயும் ஆள்கிறது?

ஆமாம், அதை 'ஹ்ஷூமா' என்பார்கள். பெரியவர் முன்னால் வாய் நீளாமல் காப்பதும் அதுதான். ஆனால் அது பொறுப்பாகிவிடாது. ரமலானில் முஸ்லிம் ஒருவர் பொது இடத்தில் நோன்பை முறித்தால் தண்டனைச் சட்டம் 222-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. நோன்பு வைக்காத இளைஞன் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறான். அவன் கற்றது மறைக்க மட்டுமே.

கே: பெண்பிள்ளைகள் நிலை?

சுமை அவர்கள் தலையில்தான் அதிகம், இது எனக்கு ஆறவே ஆறாது. தண்ணீர், விறகு, தம்பி தங்கை எல்லாம் அவர்களுக்கு. முடிவெடுக்கும் உரிமை அண்ணனுக்கு. 2004 குடும்பச் சட்டம் திருமண வயதை 18 ஆக்கியது, ஆனால் நீதிபதி விதிவிலக்கு தரலாம் என்ற வாசலையும் திறந்தே வைத்தது. அந்த வாசல் வழியாகப் பல சிறுமிகள் மணமேடைக்குப் போயிருக்கிறார்கள். கிராமத்துப் பெண்கள் தங்கிப் படிக்கும் 'தார் தாலிபா' விடுதிகள்தான் எனக்கு நம்பிக்கை தருகின்றன.

கே: 2025-இல் இளைஞர்கள் போராடத் தெருவில் இறங்கினார்களே, மரபை விட்டுவிட்டார்களா?

'ஜென் ஸீ 212' என்ற பெயரில் செப்டம்பர் இறுதியில் தொடங்கினார்கள். சில ஊர்களில் வன்முறை நடந்தது, அதை நான் ஏற்கவில்லை. ஆனால் அகாதிர் அரசு மருத்துவமனையில் பிரசவத்துக்குச் சேர்ந்த பெண்கள் இறந்த பிறகே கோபம் வெடித்தது. கேட்டது நல்ல மருத்துவமனையும் பள்ளியும். தாயைப் பார்த்துக்கொள்வது உன் கடமை என்று கேட்டு வளர்ந்தவர்கள் அதைத்தானே கேட்பார்கள்? 2023 செப்டம்பர் 8 நிலநடுக்கத்தின்போது வேன் நிறையப் போர்வையும் மாவும் ஏற்றிக்கொண்டு பாதிக்கப்பட்ட அல் ஹவுஸ் மலைப்பகுதிக்குப் போனதும் இதே வயதுப் பிள்ளைகள்தான்.

கே: என்னிடம் வேலை செய்யும் மொராக்கோ பையன் குடும்பக் காரியம் என்று அடிக்கடி லீவு கேட்கிறான். என்ன செய்ய?

முதலில் அவன் மூத்த மகனா என்று விசாரியுங்கள். அம்மாவின் ஆஸ்பத்திரி, தங்கையின் காலேஜ் ஃபீஸ் எல்லாம் அவன் பேரில் இருக்கும். வெளிநாட்டு மொராக்கோக்காரர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம் ஆண்டுக்கு 10,000 கோடி திர்ஹமைத் தாண்டிவிட்டது. எந்த நாட்களில் கட்டாயம் வர வேண்டும் என்று தனியாகக் கூப்பிட்டுத் தெளிவாகச் சொல்லுங்கள். மற்றவர் முன்னால் கண்டித்தால் மறுநாளே வேறு வேலை தேடுவான்.