கொக்கைனை விட்டபின் தூங்கிக்கொண்டே இருக்கும் தம்பி: கீழக்கரை அக்காவுக்கு

அக்கா, கொக்கைனை விட்டு மூணு நாளா தம்பி எந்நேரமும் தூங்குறான், முழிச்சா சட்டிச்சோறு காலின்னு எழுதியிருந்தீங்க. அது சோம்பல் இல்லை, போதை இறங்குற கட்டம், தூங்கட்டும். கூடவே வர்ற மனச்சோர்வைத்தான் கவனிக்கணும். "செத்துடலாம்"னு சொன்னா தனியா விடாதீங்க, அரசோட மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிடுங்க. நெஞ்சுவலின்னா உடனே 108. கொக்கைன் எடுத்ததை டாக்டரிடம் மறைக்காதீங்க, சில பிரஷர் மருந்து அந்த நேரத்துல ஆபத்து.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில மனநல டாக்டரைப் பாருங்க. கொக்கைன் ஆசைக்குன்னு அங்கீகரிச்ச மாத்திரை இன்னும் கிடையாது. வாராவாரம் கவுன்சலிங், சிறுநீர்ப் பரிசோதனை, இதுதான் வைத்தியம். போதையை நிறுத்தும்னு சொல்லி, சோத்துல கலக்கப் பொடி விக்கிறவன் பக்கமே போகாதீங்க.

கடலுக்குப் போற பிள்ளைன்னா, பங்குக்காசு கையில விழுற சாயங்காலம்தான் சறுக்கும். முதல் மூணு மாசம் காசும் ஏடிஎம் கார்டும், அவன் சம்மதத்தோட, உங்ககிட்ட இருக்கட்டும். கொக்கைன் குடுத்தவன் நம்பரை அவன் கையாலயே அழிக்கச் சொல்லுங்க.