கடல் இங்கேயும்தான் இருக்கு

வணக்கம் அண்ணா,

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். அப்பா காசிமேட்டில் விசைப்படகில் போய்க்கொண்டிருந்தவர், இப்போது கரையில் வலை பின்னுகிறார். நான் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். போன வருஷம், சேர்த்து வைத்த பணத்தில் அப்பா, அம்மாவை சிங்கப்பூர், மலேசியா டூர் கூட்டிப் போனேன். பேக்கேஜ்தான். பஸ் ஏறினால் ஒரு இடத்தில் இருபது நிமிஷம், போட்டோ, மறுபடி பஸ். எந்த ஊரானாலும் ராத்திரிக்குப் பன்னீரும் பருப்பும். ஓரிடத்தில் மீன்பிடிப் படகுகள் கட்டிக் கிடந்தன. அப்பா இறங்கிப் பார்க்கணும் என்றார். நேரமில்லை என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அப்பா, "கடல் இங்கேயும்தான் இருக்கு, எதுக்குடா இவ்ளோ செலவு" என்றார். எனக்கு மனசு விட்டுப்போயிற்று. இயற்கையை ரசிக்கவெல்லாம் ஒரு பழக்கம் வேண்டும், நமக்கு அது கிடையாது என்கிறான் என் நண்பன். அடுத்து மலேசியாவின் பினாங்குத் தீவுக்குப் போகலாம் என்று இருக்கிறேன், இந்தத் தடவை நாங்களாகவே. நீங்கள் அந்த ஊரைப் பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள். எதைப் பார்ப்பது, என்ன சாப்பிடுவது? அம்மாவுக்கு வெளியூர்ச் சாப்பாடு என்றாலே பயம்.

- ம., தண்டையார்பேட்டை

அன்புள்ள தம்பி,

உங்கள் நண்பர் சொன்னதை முதலில் தள்ளிவைத்துவிடலாம். வன்னி, தெண்டி என்று நீரோட்டத்தைப் பெயர் சொல்லி அழைக்கிறவர் உங்கள் அப்பா. காற்று திரும்பியதைப் பார்த்து, இன்றைக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவெடுத்துப் பிழைத்தவர். அவருக்கு இயற்கையைப் பார்க்கத் தெரியாது என்றால் வேறு யாருக்குத் தெரியும்? அந்த டூரில் உருப்படியாகப் பயணம் செய்தவர் அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன். இன்னொரு நாட்டுப் படகின் அணியம், அதாவது முன்பக்கம், எவ்வளவு உயரம், வலையை எந்தப் பக்கம் இழுக்கிறார்கள், எந்த மீனை ஐஸ் போட்டு எந்த மீனைப் போடாமல் இறக்குகிறார்கள் என்று அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். அவரை இறக்கிவிடாமல் பஸ்ஸை எடுத்ததுதான் அந்தப் பயணத்தின் நஷ்டம்.

எனக்கு இதில் ஒரே ஒரு கருத்துதான். ஊரில் எதை நன்றாகப் பழகியிருக்கிறோமோ, அதை வைத்துத்தான் வெளியூர் நமக்குப் பிடிபடும். டூர் பட்டியல் எல்லோருக்கும் பொதுவாகப் போட்டது. துறைமுகத்திலேயே வளர்ந்த உங்கள் குடும்பத்துக்கென்று போட்டதல்ல. அதனால் பினாங்குக்கு இடங்களின் பட்டியலைக் கேட்காதீர்கள். உங்கள் மூன்று பேருக்கும் என்ன தெரியும் என்பதிலிருந்து தொடங்குவோம்.

அப்பாவின் கேள்வியையே எடுத்துக்கொள்ளலாம். கடல் இங்கேயும் இருக்கிறது, சரி. ஆனால் அது இந்தக் கடல் இல்லை. நம் கரையில் அலை நேராக வந்து மோதுகிறது. மணல் வருஷம் முழுக்க நகர்ந்துகொண்டே இருக்கிறது, மொத்தக் கணக்கில் வடக்கு நோக்கி. துறைமுகச் சுவர் அந்த மணலைத் தடுத்ததால்தான் தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. நம் பக்கம் கரை முழுக்கக் கருங்கல் கொட்டிக் கிடப்பது அதனால்தான். இதை அப்பாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கடலுக்குள் போன தெருக்களே அவருக்குத் தெரிந்திருக்கும்.

பினாங்கு மலாக்கா நீரிணைக்குள் இருக்கிறது. மேற்கே சுமத்ரா பெருங்கடலின் அலையைத் தடுத்து நிற்கிறது. அதனால் அங்கே கரையில் அலை பெரிதாக எழாது. ஆறுகள் கொண்டுவரும் சேறு அப்படியே படிகிறது, சேறு படிந்த இடத்தில் அலையாத்தி மரம் வளர்கிறது. இன்னொன்று, ஏற்றவற்றம். சென்னையில் அமாவாசை, பௌர்ணமியில்கூட தண்ணீர் ஒரு மீட்டர் சுமாருக்குத்தான் ஏறி இறங்கும். அங்கே ஏறக்குறைய அதைப்போல இரண்டு மடங்கு. இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் வெல்ட் கீ சாலை ஓரத்தில் இருக்கும் சீனர்களின் படகுத்துறைக் குடியிருப்புகளுக்குப் போங்கள். சியூ ஜெட்டி அதில் பெரியது. சியூ என்ற ஒரே குலத்தார் கடலுக்குள் தூண் நட்டு, பலகை அடித்து, வீடு கட்டி, கோயிலும் வைத்து வாழ்கிறார்கள். பத்து மணிக்கு மேல் டூர் கூட்டம் வந்துவிடும், முன்வீடுகள் எல்லாம் கடையாகத் திறந்துவிடும். விடிந்ததும் போய்விடுங்கள். அது அவர்கள் குடியிருக்கும் இடம், வாசலில் பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பலகைப் பாதையின் கடைசி வரை போனால் அப்பா நிற்பார். தண்ணீர் வற்றிய நேரமாக இருந்தால், படகுகள் சேற்றில் சாய்ந்து கிடக்கும். வீட்டுத் தூண்களில் ஆளுயரத்துக்குச் சிப்பியும் பாசியும் ஒட்டியிருக்கும். கீழே சேற்றில், கண் மேலே பிதுங்கிய சின்ன மீன் ஒன்று முன்துடுப்பை ஊன்றி நடந்து போகும், திடீரென்று துள்ளும். ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த நண்டு அதைத் தூக்கித் தூக்கிக் காட்டும். எண்ணூர் முகத்துவாரத்தில் அப்பா இவை இரண்டையும் பார்த்திருப்பார். அனல்மின் நிலையச் சாம்பலும் கப்பல் எண்ணெயும் கொட்டாத சேற்றில் அவை எப்படித் திரிகின்றன என்று அவர் நின்று பார்க்கட்டும். 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியதையும், 2023 டிசம்பர் புயல் மழையில் கொசஸ்தலை ஆற்றில் எண்ணெய் பரவியதையும் பார்த்தவர்களுக்கு, அந்தச் சேறு வெறும் வேடிக்கையாக இருக்காது. ஆறு மணி நேரம் கழித்து, தண்ணீர் ஏறியபிறகு மறுபடி ஒருமுறை அங்கேயே போங்கள். காலையில் பார்த்த தூண் பாதிக்கு மேல் முழுகியிருக்கும். ஒரே இடத்தை ஒரே நாளில் இரண்டு தடவை பார்ப்பது எந்தப் பேக்கேஜிலும் கிடையாது.

ஆனால் அந்தக் கரையைப் பார்த்து நம் கரையை மட்டும் நொந்துகொள்ள வேண்டாம். பினாங்கின் தென்கரையில் கடலைத் தூர்த்துச் செயற்கைத் தீவு ஒன்றைக் கட்டுகிறார்கள், 2023இல் வேலை தொடங்கியது. அங்கத்திய மீனவர்கள் மீன்வளம் போய்விடும் என்று பல வருஷமாக எதிர்த்துவருகிறார்கள். காட்டுப்பள்ளி துறைமுக விரிவாக்கத்துக்கு எதிராகப் பழவேற்காட்டு மீனவர்கள் சொன்னதும் அதேதான். விமான நிலையம் தீவின் தென்கிழக்கில்தான் இருக்கிறது. ஜன்னல் சீட்டை அப்பாவுக்குக் கொடுங்கள்.

அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். தினமும் பன்னீரும் பருப்பும் போட்டால் யாருக்கும் வெளியூர்ச் சாப்பாடு பிடிக்காமல்தான் போகும். பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ கடைகளில், வாழைத்தண்டு போட்ட மொய்ங்காவை அம்மா ஒரு தடவையாவது குடித்திருப்பார். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் வியாசர்பாடிக்கும் பாரிமுனைக்கும் கொண்டுவந்த சாப்பாடு அது. அந்த நாக்கு இருந்தால் ஆசம் லக்சாவுக்கு அவர் தயார். கானாங்கெளுத்தியை வேகவைத்து, முள்ளெடுத்து உதிர்த்து, அந்தத் தண்ணீரிலேயே புளியும், நம் குடம்புளிக்கு உறவான ஒரு காயின் காய்ந்த துண்டும் போட்டுக் கொதிக்கவிடுகிறார்கள். எலுமிச்சைப்புல், இஞ்சி இனத்துப் பூ ஒன்றின் மொட்டு, காய்ந்த மிளகாய் எல்லாம் அதில் சேரும். தடித்த அரிசி நூடுல்ஸ் மேல் அதை ஊற்றி, வெள்ளரி, வெங்காயம், அன்னாசி, புதினா தூவி, ஓரமாக ஒரு கரண்டி கருப்பு இறால் விழுது வைத்துத் தருவார்கள். அந்த விழுதை உடனே கலக்கிவிடாதீர்கள். முதல் வாய் புளிப்பாக மட்டும் இருக்கட்டும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையுங்கள், புளிப்புக்கு அடியிலிருந்து இறாலின் இனிப்பும் உப்பும் ஏறிவரும். மீன்குழம்பு வைக்கத் தெரிந்தவர் அந்தக் கிண்ணத்தை எடுத்ததும் முதலில் புளி பதம்தான் பார்ப்பார். அம்மா என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள், தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

சோறு வேண்டும் என்றால் நாசி கண்டார். தமிழ் முஸ்லிம்கள் ஒரு காலத்தில் காவடி மாதிரித் தோளில் தூக்கி, துறைமுகக் கூலித் தொழிலாளிகளுக்கு விற்ற சோறும் குழம்பும் அது. இன்றைக்கும் கடைகளில் தமிழ் பேசினால் ஆள் கிடைப்பார். காம்ப்பெல் தெருவில் 1907 முதல் நடக்கும் ஹமீதியா உண்டு, மற்றவையும் உண்டு. சோற்றின் மேல் நாலைந்து குழம்பை ஒன்றாக ஊற்றிவிடுவார்கள், தடுக்காதீர்கள், அந்தக் கலவைக்காகத்தான் கூட்டம். மீன் சினை இருந்தால் கேட்டு வாங்குங்கள், சீக்கிரம் தீர்ந்துவிடும். சார் குவே தியாவ் என்று பெரிய தீயில் வதக்கும் அரிசிப்பட்டை நூடுல்ஸும் அருமை. ஆனால் சீனக் கடைகளில் பன்றிக் கொழுப்பில் செய்வது வழக்கம், வேண்டாம் என்றால் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சௌரஸ்தா சந்தைக்கு ஒரு காலைப்பொழுது கொடுங்கள். அப்பா மீன் பக்கம் நிற்கட்டும், அம்மாவை ஜாதிக்காய் விற்கும் பக்கம் கூட்டிப் போங்கள். நமக்கு ஜாதிக்காய் என்றால் கொட்டையும், அதைச் சுற்றிய சிவந்த பத்திரியும்தான். அங்கே அதன் சதையை ஊறுகாயாகவும் சர்க்கரையில் ஊறப்போட்டும் விற்கிறார்கள், சாறும் கிடைக்கும். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் அந்த மரத்தைப் பினாங்குக்குக் கொண்டுவந்து நட்டதன் மிச்சம் அது.

கோயில், மசூதி, கோட்டை எல்லாம் நடக்கிற வழியிலேயே வந்துவிடும். குயின் தெரு மகா மாரியம்மன் கோயிலும் கப்பித்தான் கிளிங் மசூதியும் அடுத்தடுத்துத்தான். நம் பாரிமுனைப் பக்கம் போலவே அந்த ஊர் மையத்தின் பெயரும் ஜார்ஜ் டவுன், அங்கேயும் ஓர் ஆர்மீனியன் தெரு உண்டு. நம் ஆர்மீனியன் தெருவான அரண்மனைக்காரன் தெருவில் நடந்து பழகிய உங்களுக்கு அந்தச் சந்துகளில் வழி தவறாது. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததால் பழைய வீடுகளை இடிக்க விடவில்லை. இதில் எனக்குப் பொறாமை உண்டு. பாரிமுனையில் எத்தனை தூண் வைத்த வீடு போய்விட்டது என்று உங்களுக்கே தெரியும்.

பினாங்கு மலைக்கு முதல் ரயிலிலேயே ஏறிவிடுங்கள். நூறு வருஷம் தாண்டிய தடம் அது, செங்குத்தாக ஏறும். மேலே எல்லோரும் ஊரைப் படம் பிடிக்க ஓடுவார்கள். நீங்கள் மரத்தைப் பாருங்கள். சாம்பல் நிறக் குரங்கு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், இலை தின்றுகொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். குட்டி பிறந்திருந்தால் அது மட்டும் நல்ல மஞ்சளாக, தாயின் வயிற்றில் ஒட்டிக்கொண்டு தெரியும். கையில் பையைப் பிடுங்கும் பழுப்புக் குரங்கு வேறு இனம், அதனிடம் எச்சரிக்கை.

பத்து ஃபெரிங்கி என்ற கடற்கரையை விட்டுவிடலாம் என்பேன். தண்ணீர் கலங்கல், ஜெல்லி மீன் தொல்லை, ஓட்டல்களின் வரிசை. அதற்குப் பதில் தேசியப் பூங்காவுக்குள் கெராச்சுட் கடற்கரை. காட்டுக்குள் நடந்தும் போகலாம், அம்மாவின் முழங்காலுக்குப் படகு நல்லது. அங்கே பேராமை முட்டையிட வருகிறது, மீன்வளத் துறையின் பொரிப்பகம் இருக்கிறது. நம் கரைக்கு வருவது பங்குனி ஆமை. 2025 ஜனவரியில் அது நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியதை அப்பா பார்த்திருப்பார். வலையில் சிக்கி மூச்சுமுட்டிச் செத்தவை என்றார்கள். மீனவர்களைக் கேட்டால் வேறு விவரமும் சொல்வார்கள். பொரிப்பகத்து வாசலில் நின்று அப்பா அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், தயவுசெய்து அவசரப்படுத்தாதீர்கள். கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

செலவு பற்றி. 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் மலேசியாவுக்கு விசா இல்லாமல் 30 நாள் வரை போகலாம் என்று ஆக்கினார்கள். டிக்கெட் போடும் முன் அது இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். போகும் முன் ஆன்லைனில் வருகை அட்டை ஒன்றையும் நிரப்ப வேண்டும். ஜார்ஜ் டவுனுக்குள்ளேயே ஒரு சாதாரண அறை எடுங்கள், பாதி இடங்களுக்கு நடந்தே போகலாம், பஸ்ஸும் மலிவு. எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்துக்குப் போகும் படகில் ஒருமுறை போய்த் திரும்புங்கள், அதைவிட மலிவான கடல் பயணம் அங்கே இல்லை. ஜனவரி, பிப்ரவரியில் மழை குறைவு. செப்டம்பர், அக்டோபர் வேண்டாம். தைப்பூசத்தை ஒட்டி அறை வாடகை ஏறிவிடும், தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் சாலை முழுக்கக் கூட்டம் இருக்கும். காவடி பார்க்க வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டால் அந்தத் தேதிக்கே போங்கள், ஆனால் அறையை இப்போதே பிடித்துவிடுங்கள்.

அன்புடன்,
அண்ணன்